வாசலில் சொட்டிய சிவப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டோ எண்பத்துமூன்றோ இருக்கும். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூப்பிடு தூரத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான ஜவ்வரிசி மில். நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியும் குழந்தை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் கிடந்தது.

அந்த வருஷம் வீட்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. கொழுந்தனாரின் மனைவி உண்டாகியிருந்தாள். சின்னவள் என்றே அவளைச் சொல்கிறேன், வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். முன்பு ஒரு தடவை அவளுக்குத் தங்காமல் போயிருந்ததால் இந்தத் தடவை அவளைத் தரையில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொண்டோம். இன்னொரு விஷயம், என் வீட்டுக்காரர் கார் வாங்கியது.

கோயமுத்தூரில் யாரோ ஒரு மில்காரர் வைத்திருந்து, அவர் காலத்துக்குப் பிறகு ஷெட்டில் தூசி படிந்து கிடந்த வெளிநாட்டுக் கார் அது. நல்ல நீளம். ஸ்டியரிங் இடதுபக்கம். எங்கள் ஊர்ச் சந்துகளில் அது நுழைந்தால் எதிரே மாட்டுவண்டிகூட வர முடியாது. ஆனால் ஒரு அதிசயம், அதன் ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். லாரி ஓட்டித் தோள் காய்த்துப்போன என் வீட்டுக்காரருக்கு அதில்தான் மயக்கம். "பாரு புள்ள, சுண்டு வெரலு போதும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திருப்பிக் காட்டுவார். அந்தச் சுண்டு விரல் பவிசுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கும் தெரியாது.

காலையில் நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்விடுவேன். சாயங்காலம் சேலத்தில் வேலையை முடித்துத் திரும்பும் வழியில் என்னைப் பள்ளியிலிருந்து அவர் கூட்டிக்கொள்வார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, அங்கேயே காரை ஒடித்துத் திருப்பி, மில்லுக்குப் போய்விடுவார். கார் நிற்பது, கழுவுவது எல்லாம் மில்லில்தான். வீட்டு வாசலுக்கு அது வருவது என்னை இறக்கிவிட மட்டும்தான்.

ஐப்பசி மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், வாசல் பெருக்கப் போன என் மாமியார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. சாணி தெளித்து மெழுகிய வாசலில், நிலைக்கு நேரெதிரே, சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. குங்குமத்தைக் கரைத்து யாரோ வளைவாகத் தெளித்த மாதிரி ஒரு அரைவட்டம். யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. யாருக்கும் திருஷ்டி சுற்றவில்லை. உள்ளே ஒரு மாசக்காரி இருக்கிற வீட்டு வாசலில் அப்படி ஒன்று கிடந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எவரோ ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதிரிப் பொருளுக்கு ஒரு முறை உண்டு. கையால் தொடக் கூடாது, மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. மாமியார் அதன்மேல் சாணித் தண்ணீரைக் கொட்டி, மண்வெட்டியால் மேல்மண்ணோடு சுரண்டி, முள்ளுக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டார். ஆண்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். "வண்டி வாகனத்துல போறவீங்க, மனசு கலங்குனா கை தடுமாறும்" என்றார். அதனால் என் வீட்டுக்காரர் காதுக்கு அது போகவே இல்லை.

மறுநாளும் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. இரண்டு நாள் இல்லை, மூச்சு விட்டோம். திங்கட்கிழமை மறுபடியும் வந்துவிட்டது.

அதோடு ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. கார் வாசலில் திரும்பும்போது எங்கிருந்தோ ஒரு முனகல் எழும். வலியில் இருக்கிற பொம்பிளை வாயை மூடிக்கொண்டு முனகுவதைப் போல இருக்கும். கார் நேரானதும் நின்றுவிடும். ஆரம்பத்தில் காதைத் தீட்டினால்தான் கேட்கும், நாள் ஆக ஆகப் பெரிதானது. எங்கள் வீட்டு நாய் அதைக் கேட்டதும் வாலை இடுக்கிக்கொண்டு ஊளையிடும். சின்னவள் உள்ளறையில் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "பழைய வண்டின்னா முக்கத்தான் செய்யும்" என்று என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போவார்.

என் மாமியாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பகலாகக் கூடவே உட்கார்ந்திருப்பவர். படிக்காதவர், ஆனால் கண் கூர்மை. அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். நான் பள்ளிக்குப் போய்த் திரும்பும் நாளில்தான் சிவப்பு விழுகிறது. சனி, ஞாயிறு விழுவதில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டிலேயே இருந்த நாளில் விழவில்லை. நான் வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் விழுகிறது. ஒரு நாள் சமையலறையில், என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ வந்தா வருது சாமி. நீ வராட்டி வரதில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. மனசுக்குள் நாட்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை சங்ககிரியில் என் அம்மா வீட்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மண்வெட்டி சுரண்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல்மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இன்னும் வழிக்காத சிவப்புச் சொட்டுகள், அதே வளைவில். என்னைப் பார்த்ததும் அம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்து, "ஏங்கண்ணு, உங்கூட ஏதாச்சும் வந்துருச்சா?" என்று கேட்டார்.

பெற்ற தாயே கேட்டுவிட்டாள். அன்றைக்கு முழுக்க என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவைக் கரையை உதறி உதறிப் பார்த்தேன். ராத்திரி தூங்கும்போது நான் எழுந்து ஏதாவது செய்கிறேனோ, என்னை அறியாமலே என் மனசுக்குள் சின்னவள் மேல் ஏதாவது இருக்கிறதோ என்றெல்லாம் யோசித்தேன். அவள் வாந்தி எடுக்கும்போது அவள் முதுகைத் தடவிவிட்டது நான்தான். பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு நாளாவது அந்த வாந்தி எனக்கு வராதா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கம்தான் சிவப்பாகச் சொட்டுகிறதோ என்று பயந்தேன். என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்ததுதான் அந்த நாட்களில் மிகப் பெரிய பயம்.

சின்னவளுக்கு ஏழாவது மாசம் நெருங்கியது. வளையல் போடுவதற்குள் ஒரு முடிவு வேண்டும் என்று மாமியார் கடைசியில் என் வீட்டுக்காரரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிரசவம் முடியும் வரைக்கும் நான் என் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையில்லாத மருமகள் ஒரு தடவை பெட்டியோடு படி இறங்கினால் திரும்பி வருகிறபோது அந்த வீட்டில் வேறொருத்தி விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். எங்கள் சொந்தத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தாயையும் மீற முடியாமல், என்னையும் பார்க்க முடியாமல், மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் எனக்கு ரோஷம் வந்தது.

"நான் போகலீங்க அத்தை. கருப்பணார் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன். அப்புறமும் வந்துச்சுன்னா நானே போயிக்கறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் அறியேன்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பொய் சொன்னவர்களை அவர் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் போனோம். நான், மாமியார், என் வீட்டுக்காரர் மூன்று பேர்தான். ஊருக்கு வெளியே வறண்ட ஓடைக்கரையில் கோயில். கோயில் என்றால் கூரை இல்லாத மேடை, குத்திவைத்த வேல்கள், பெரிய புளியமரம். மேடைக்கு முன்னால் பரந்த மணல்வெளி. ஒரு காக்கைகூட இல்லை. வெயிலில் மணல் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தது. செருப்போடு அந்த எல்லைக்குள் போகக் கூடாது என்பதால் ரோட்டோரத்திலேயே மாமியாரும் நானும் இறங்கி, செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஓடைப் பக்கமாக ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். என் வீட்டுக்காரர் காரை மணல்வெளிக்குள் ஓட்டிப்போய், முழுசாக ஒடித்துத் திருப்பிப் புளியமர நிழலில் நிறுத்தினார். அந்த முனகல் வழக்கத்தைவிடப் பெரிதாக, இழுத்து இழுத்துக் கேட்டது. காத்துக்கொண்டிருந்த பூசாரி இரண்டு அடி பின்னால் போய், "என்னுங்க சத்தம் அது?" என்று கேட்டார்.

பூசாரி கல்லில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். வெயிலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை, மேலே காற்று நடுங்குவதுதான் தெரிந்தது. நான் கையை ஓங்கிவிட்டேன்.

"ஐயோ சாமீ! இங்கயும் வந்துருச்சே!" என்று மாமியார் அலறினார்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மணலில், நாங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சிவப்பு அரைவட்டம். வீட்டு வாசலில் பார்த்த அதே வளைவு. ஆனால் இன்னும் ஈரம் காயாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு. சாமி முன்னாலேயே வந்துவிட்டதே, இனி நான் என்ன சத்தியம் பண்ண? ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் மணலைப் பார்த்தேன். சிவப்பைப் பார்க்கவில்லை, மணலை. நானும் மாமியாரும் நடந்து வந்த காலடிகள் ஓடைப் பக்கமாகத் தனியாக இருந்தன. சிவப்பு விழுந்த இடத்தில் ஒரு காலடிகூட இல்லை. அங்கே இருந்தது டயர்த் தடம் மட்டும்தான். வளைந்த அந்தத் தடத்தின் கூடவே சொட்டுகளும் வளைந்து போயிருந்தன. நான் அங்கே காலே வைக்கவில்லை. நான் வராத இடத்திலும் வந்திருக்கிறது.

நேராக அங்கே நடந்தேன். "மிதிக்காத சாமி! தொடாத!" என்று மாமியார் கத்துவது கேட்டது. குனிந்து, அந்த ஈர மணலைக் கையில் அள்ளினேன். வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். எண்ணெய். தண்ணீரும் இல்லை, குங்குமமும் இல்லை, ரத்தமும் இல்லை. சிவப்பு நிறத்தில் எண்ணெய். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. சொட்டுகளின் பின்னாலேயே போய்ப் புளியமரத்தடியில் காருக்கு அடியில் கையை நீட்டினேன். உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக நனைந்தது. அந்தக் கையை நான் தூக்கிக் காட்டியதும் பூசாரி ஓடையைத் தாண்டி ஓடியே போய்விட்டார்.

"ஏனுங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் புடிங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! ஆனாலும் செய்தார். முனகல் கிளம்பியது. அதோடு வண்டிக்கு அடியில் முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய சிவப்பு நூலாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. "விடுங்க" என்றேன், ஸ்டியரிங் நேரானது, நின்றுவிட்டது. "திருப்புங்க" என்றேன், மறுபடியும் வந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிப் பார்த்தோம். மாமியார் தூரத்திலிருந்து கிட்டே, கிட்டே என்று வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்தபோது கல்லில் சூடம் தானாகவே எரிந்து அடங்கியிருந்தது. நான் அடிக்கவே இல்லை.

அன்றைக்கு வீடு திரும்புவதே பெரும்பாடாகிவிட்டது. இருந்த எண்ணெயும் போனதால் சுண்டு விரல் வண்டி கல்லாக இறுகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து எழுந்து ஸ்டியரிங்கில் தொங்கினார்.

மறுநாள் சங்ககிரி லாரிப் பட்டறைக்குப் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். என் மாமியாரையும் விடவில்லை, கையோடு இழுத்துக்கொண்டு போனேன். "ஸ்டியரிங்குக்கு எண்ணெயா? எங்க லாரிக்கெல்லாம் கைதானுங்க பவரு" என்று மெக்கானிக் சிரித்தார். படுத்துத் தேடியதில், இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்னப் பம்பும், அதிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்குப் போகும் ஹோஸ் என்கிற ரப்பர்க் குழாயும் அகப்பட்டன. அந்த ஹோஸின் முனையை இரும்புக் குழாயோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. நேராகப் போகும்போது அதற்குள் அழுத்தம் அதிகம் இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்தான் எண்ணெய் முட்டிக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் குறையக் குறையப் பம்பு காற்றை விழுங்கி முனகும். எங்கள் வாசலில் வண்டியை முழுசாக ஒடித்துத்தான் திருப்ப முடியும். என் அம்மா வீட்டு வாசலிலும் அப்படித்தான்.

மெக்கானிக் முதலில் சைக்கிள் டியூபை ரிப்பனாக வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே கிளிப் போட்டார். ஸ்டியரிங்கை ஒடித்ததும் படாரென்று அது பிய்ந்து அவர் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. "இது சுத்திக் கட்டற வேல இல்லீங்" என்று அவரே கையை விரித்தார். அப்புறம் திருச்செங்கோட்டில், கிணற்றுக்குப் போர் போடும் வண்டிகளுக்கு ஹோஸ் செய்யும் பட்டறையில்தான் வழி பிறந்தது. பழைய முனைகளை வெட்டி எடுத்து, புது ஹோஸை அதில் மாட்டி, மெஷினில் வைத்து அழுத்திக் கொடுத்தார்கள். சிவப்பு எண்ணெயைச் சேலத்தில் தேடிப் பிடித்து வாங்கினோம்.

புது ஹோஸை மாட்டி எண்ணெய் ஊற்றியதும், உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், யாராவது உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். இடதுபக்கம் முழுசாகத் திருப்பினேன், முனகியது. வலதுபக்கம் திருப்பினேன், முனகியது. பம்பின் மேலிருந்த எண்ணெய் டப்பாவில் சிவப்பு நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. திருப்பத் திருப்ப அந்தக் குரல் தேய்ந்தது. பேய் ஓட்டுகிற இடத்தில் கடைசியில் ஒரு அமைதி வருமே, அந்த மாதிரி ஒரு திருப்பலில் சத்தமே இல்லாமல் போனது. மாதக்கணக்காக என் வீட்டு வாசலில் முனகியது என் கையிலேயே அடங்கியது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன்.

என் மாமியார் வந்து எண்ணெய் டப்பாவில் ஒரு விரலை விட்டு, இரண்டு விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். "எண்ணதான் சாமி" என்றார். அந்த விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டார்.

வாசலில் அப்புறம் சிவப்பு விழவே இல்லை. சின்னவளுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. அவளே குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். போடுவதற்கு முன்னால் அவள் கண் ஒரு கணம் என் உள்ளங்கைக்குப் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன். கோயிலில் நான் தூக்கிக் காட்டிய கையைப் பற்றிப் பூசாரி ஊரெல்லாம் சொல்லியிருந்தார், ஹோஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தேன். ஆனால் இப்போதும் என்னை உலுக்குவது வேறொன்று. அன்றைக்கு ஒரு நொடி முந்திச் சூடத்தை அடித்திருந்தால் சத்தியம் முடிந்திருக்கும், சத்தியம் பண்ணியவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நேராக வீட்டுக்கு வந்திருப்போம். அடுத்து என்னை இறக்கிவிட்டு வாசலில் வண்டி திரும்பும்போது மறுபடியும் சொட்டியிருக்கும். பொய்ச் சத்தியம் பண்ணினாள் என்று ஊர் சொல்லியிருக்கும், நானும் அதை நம்பிக்கொண்டு பெட்டியைத் தூக்கியிருப்பேன். அதனால்தான் இன்றைக்கும் எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும், அது திரும்பிப் போகும்வரை வாசலிலேயே நின்று தரையைப் பார்க்கிறேன். ஏதாவது தெரிந்தால் குனிந்து கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.